இரண்டரை ஆள் காற்று

கோணல் சந்துக்குச் சுகாதார ஆய்வுக் குழு வரப்போகிறது என்றால் அந்தச் சேதி முதலில் டோன்னா ரஷேலாவின் வீட்டு வாசலில்தான் வந்து இறங்கும். அவள் நகராட்சிக் குமாஸ்தாக்களின் சட்டைகளைத் துவைத்துப் பெட்டி போட்டுக் கொடுப்பவள். நேப்பிள்ஸ் நகராட்சியில் நடப்பது மேயருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

"காலருக்குக் கஞ்சி கூடுதலாப் போடச் சொல்லியிருக்கானுவ," என்று அவள் சந்தின் நடுவில் நின்று அறிவித்தாள். "வியாழக்கிழமைக்குள்ள வேணுமாம். ஆக, வெள்ளிக்கிழமை வர்றானுவ."

அவ்வளவுதான், சந்து வேலையில் இறங்கியது. மாடி வீடுகளின் சன்னல்களிலிருந்து கயிற்றில் கூடைகள் இறங்கின. காய்கறி ஏற்றுவதற்கான கூடைகளில் அன்றைக்குக் கோழிகள் ஏறின. பிள்ளைகளை மாதா கோயிலுக்கு அனுப்பினார்கள். கிழவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அடுத்த பேட்டையில் யாரோ ஒருவரின் சவ ஊர்வலத்தில் சேர்த்துவிட்டு வந்தார்கள். குழு வரும் நாளில் கோணல் சந்தில் குழந்தையும் கிடையாது, முதுமையும் கிடையாது. குழுவின் போன ஆண்டு அறிக்கையில், நகராட்சி எடுத்த முயற்சிகளால் அந்தச் சந்தில் பிள்ளைப்பேறு கட்டுக்குள் வந்துவிட்டது என்று ஒரு வரி இருந்ததாம். ரஷேலாவுக்கு மட்டும் ஒன்பது பிள்ளைகள்.

ஒளிக்க முடியாத வீடு சபாதினோவுடையது ஒன்றுதான்.

சபாதினோ எட்டுக் கைப் பேய்க்கணவாயை மிளகு போட்டு வேகவைத்து, அந்தச் சாற்றைச் செப்புப் பானையில் சுமந்து துறைமுகத்தில் கோப்பை கோப்பையாக விற்பவன். தெரு மட்டத்தில் ஒரே அறை. வாசல்தான் அதற்குச் சன்னல், வாசல்தான் புகைபோக்கி. உள்ளே முக்கால் இடத்தைக் கட்டில் பிடித்துக்கொண்டிருந்தது. அடியில் கோழி தலை நிமிர்ந்து உலாவும் அளவுக்கு உயரமான கல்யாணக் கட்டில். கோழியைக் கூடையில் ஏற்றியாயிற்று. மாமனார் டோன் கதெல்லோவை ஏற்ற முடியவில்லை. கப்பலில் கரி அள்ளிப்போட்டே நெஞ்சு போனவர். சவ ஊர்வலத்துக்கு நடக்க அவருக்கு மூச்சு இல்லை. அறைக்குள் ஒளித்தாலோ, அவர் விடும் மூச்சு சந்தின் முனை வரை கேட்கும். மனைவி கர்மோசீனாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. அதையும் கூடையில் ஏற்ற வழியில்லை.

சபாதினோ குழுவுக்குப் பயந்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவர்கள் வேறு சந்தில் குடியிருந்தார்கள். அந்த அறை தேறவில்லை என்று இதே குழு வாசலைச் செங்கல் வைத்து அடைத்தது. போக்கிடம் இல்லாமல் மலையடிவாரக் குகைக்குப் போனார்கள். முதல் குழந்தை அங்கேதான் பிறந்தது. குகைச் சுவர் மழைக்காலத்தில் வியர்க்கும். குழந்தை ஒரு மழைக்காலம் கூடத் தாண்டவில்லை.

"இது இந்தக் கட்டில்லதான் பொறக்கணும்," என்று கர்மோசீனா சொல்லியிருந்தாள். வேறு எதையும் அவள் அவனிடம் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை கவாலியேரே ஸ்கன்னாபியேக்கோ வந்தார். குழுவின் தலைவர். கவாலியேரே என்பது அரசர் கொடுத்த பட்டம். எதற்குக் கொடுத்தார் என்று ரஷேலாவுக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் வீடுகளுக்குள் நுழைவதில்லை. வாசற்படியில் நின்று, புளித்த காடியில் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார். உள்ளே போவது அளவுகாரர் பெர்ரோத்தா. அவர் அளந்து சொல்வார், இவர் கேட்டுத் தீர்ப்பளிப்பார்.

"உள்ள வாங்கய்யா, ஒக்காருங்க," என்றான் சபாதினோ, மரியாதைக்கு.

"கூடாது," என்றார் கவாலியேரே. "உள்ளே இருக்கும் காற்று சாட்சியப் பொருள். அதை நான் சுவாசித்தால் சாட்சியம் குறைந்துவிடும்."

சபாதினோ தலையாட்டினான். புரிந்ததால் அல்ல.

கவாலியேரே தொண்டையைச் சரிசெய்துகொண்டு சந்து முழுவதற்கும் கேட்கும்படி பேசினார்.

"இறைவன் ஏழைகளுக்கு விலையில்லாமல் கொடுத்தது காற்று ஒன்றுதான். அதை நீங்கள் கண்டபடி இழுத்துத் தீர்த்திருக்கிறீர்கள். ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று அறிவியல் வகுத்திருக்கிறது. இனிமேல் அளவோடு சுவாசிக்க வேண்டும். உங்களிடம் சிக்கனம் இல்லை. அதுதான் உங்கள் நோய்."

பெர்ரோத்தா நாடாவை நீட்டி நீளம், அகலம், உயரம் என்று கூவினார். பிறகு கழித்தல் தொடங்கியது. கட்டில் காற்றின் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் கட்டில் கழிந்தது. பெட்டி கழிந்தது. செப்புப் பானை கழிந்தது. பெட்டியின் மேல் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு புனிதர் இருந்தார்.

"கூண்டுக்குள்ளே கொஞ்சம் காற்று இருக்கிறது, கவாலியேரே. எப்படி எழுதிக்கொள்வது?"

"அது புனிதருடையது. குடும்பத்துக்கு அதில் உரிமை இல்லை."

எல்லாம் கழித்து, கடைசியில் பெர்ரோத்தா சொன்னார்: "இரண்டரை ஆளுக்கான காற்று."

"ரெண்டரைன்னா?" என்று கேட்டான் சபாதினோ. "அந்த அரை ஆளு யாருங்க?"

"அதை உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். குழு குடும்ப விவகாரங்களில் தலையிடாது."

அந்த நேரம் பார்த்து டோன் கதெல்லோ ஒரு மூச்சு இழுத்தார். இரும்புக் கதவு திறப்பது போல் இருந்தது. கவாலியேரே ஓர் அடி பின்வாங்கினார்.

"இவர் இரண்டு ஆள் காற்றை எடுத்துக்கொள்கிறாரே."

"இழுக்கறது ரெண்டாளுதுதான் துரை," என்றார் கிழவர். "உள்ள போறது கால் ஆளுது. மிச்சம் தொண்டையிலயே நின்னுட்டுத் திரும்பிப் போயிடுது. வேணும்னா எடுத்துக்குங்க, நான் தொட்டது கூட இல்ல."

"வயிற்றில் இருப்பதையும் கணக்கில் சேர்க்கவா?" என்று பெர்ரோத்தா கேட்டார்.

கவாலியேரே யோசித்தார். "இப்போதைக்குத் தாயின் பங்கிலிருந்தே எடுக்கிறது. பிறந்த பிறகுதான் அத்துமீறல்."

தீர்ப்பு இதுதான்: பின்சுவரில் கிறிஸ்துமஸுக்குள் ஒரு சன்னல் வைக்க வேண்டும். சன்னல் இருக்கும் அறையில் காற்று வந்துகொண்டே இருக்கும் என்பதால் ஆளைக் கணக்கிட வேண்டியதில்லை. வைக்காவிட்டால் வாசல் அடைபடும்.

"அய்யா, பின்சுவருக்கு அந்தப் பக்கம் மலைங்க," என்றான் சபாதினோ. "முழுப் பாறை."

"மலை எங்கள் பிரிவின்கீழ் வராது," என்றார் கவாலியேரே. "சன்னல் வரும்."

அவர்கள் போன பிறகு சபாதினோ உளியை எடுத்தான். ஒரு வாரம் குடைந்ததில் கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து விழுந்தது. அதிலிருந்து காற்று வரவில்லை, தண்ணீர் கசிந்தது. கர்மோசீனா அந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். குகைச் சுவரின் ஈரம் அவளுக்குத் தெரியும். அவன் பொந்தைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தான்.

டோன்னா ரஷேலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏம்ப்பா, அந்தாளு உள்ள வர்றதே இல்லியே. படியில நின்னுதான பாக்கறான்?"

"ஆமா."

"அங்கேருந்து பார்த்தா சன்னலுக்கும் சன்னல் படத்துக்கும் என்ன வித்தியாசம் தெரியப்போவுது? நம்ம ஜெசுவால்தோவைக் கூப்பிடு."

ஜெசுவால்தோ தெருமுனை மாடங்களில், செத்த பிறகு பாவம் தீர நெருப்பில் வேகும் உத்தரிக்கும் தலத்து ஆன்மாக்களை வரைபவர். நெருப்புக்குள் கை தூக்கி நிற்கும் அந்த ஆன்மாக்களை அவரளவுக்கு இரக்கம் வரும்படி வரைய ஊரில் ஆள் இல்லை. சன்னல் வரையச் சொன்னதும் முகத்தைச் சுளித்தார்.

"வெறும் சன்னலா? அதுக்குள்ள என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரிய வேணாம் டோன் ஜெசுவால்தோ. சன்னல் இருந்தாப் போதும்."

"வெசூவியோ எரிமலை இல்லாத சன்னலை நான் வரையறதில்ல. நாளைக்கு யாராவது பார்த்துட்டு, ஜெசுவால்தோவுக்குக் கை போயிடுச்சும்பான். மலை வரும், கடல் வரும், ஒரு படகு வரும். இஷ்டமிருந்தாச் சொல்லு."

வந்தது. பச்சை மரச்சட்டம், கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் நீலக் கடல், புகைவிடும் மலை, ஒற்றைப் படகு. வருஷம் முழுக்க வெயில் எட்டிப் பார்க்காத கோணல் சந்தில் கடல் தெரியும் வீடு அது ஒன்றுதான். சந்தே திரண்டு வந்து பார்த்தது. டோன் கதெல்லோ நாற்காலியை அதன் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மூச்சு கொஞ்சம் லேசாத்தான் இருக்கு," என்றார்.

"பெயிண்ட் வாடை மாமா," என்றான் சபாதினோ.

"எதுவா இருந்தா என்ன. உள்ள போவுதுல்ல?"

கிறிஸ்துமஸுக்கு முன்தினம் குழு வந்தது. கவாலியேரே படியில் நின்றார், பெர்ரோத்தா உள்ளே வந்தார். நேராகச் சுவருக்குப் போய்ச் சட்டத்தைத் தொட்டார். பச்சை இன்னும் முழுதாகக் காயவில்லை, விரலில் ஒட்டியது. அவர் விரலைப் பார்த்தார். பிறகு திரும்பி, கட்டிலின் ஓரத்தில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த கர்மோசீனாவைப் பார்த்தார். பெர்ரோத்தா கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"சன்னல், ஒன்று," என்று கூவினார்.

கவாலியேரே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"மலை தெரிகிறதே. கடலும். இந்தக் காட்சியை வைத்துக்கொண்டா இத்தனை வருடம் சுவரை எழுப்பி மறைத்திருந்தீர்கள்? உங்களுக்கு எதன் அருமையும் தெரியாது. வந்து குடைந்து காட்ட எங்களைப் போல் ஒருவர் வேண்டியிருக்கிறது." பிறகு முகம் இறுகியது. "ஆனால் மூடியிருக்கிறதே. மூடிய சன்னல் சுவருக்குச் சமம். அடுத்த முறை வரும்போது திறந்திருக்க வேண்டும்."

வாசலைத் தாண்டும்போது பெர்ரோத்தா சபாதினோவின் காதோடு சொன்னார்: "தொறந்த மாதிரி வரையச் சொல்லு. திரையும் ஒண்ணு தொங்கட்டும், காத்துல பறக்கற மாதிரி. அவருக்குப் பறக்கறது பிடிக்கும்."

ஜெசுவால்தோ திட்டிக்கொண்டே சன்னலைத் திறந்தார். திரை பறந்தது. ஜனவரியில் குழு வந்தபோது கவாலியேரே படியில் நின்றபடியே மேலங்கியின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"நல்ல காற்று," என்றார். "உப்பு வாசனை கூட வருகிறது."

அடுப்பில் பேய்க்கணவாய் கொதித்துக்கொண்டிருந்தது. அறை தப்பித்தது, பிள்ளை இந்தக் கட்டிலில் பிறக்கும், அதற்கு மேல் அவனுக்கு என்ன வேண்டும். அன்றைக்கு ராத்திரி சாற்றில் மிளகைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு ரஷேலா வீட்டுக்கும் ஒரு சட்டி கொடுத்தனுப்பினான்.

ரஷேலா அந்தச் சட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அவள் முகம் சரியில்லை.

"காலர் மட்டுமில்ல, சட்டை முன்பக்கத்துக்கும் கஞ்சி போடச் சொல்றான்," என்றாள். "கையுறைகூடத் துவைக்க வந்திருக்கு. இது சாதாரண ஆய்வு இல்ல சபாதினோ. பெரிய தலை ஏதோ வருது."

ரோமாபுரியிலிருந்து அமைச்சகத்தின் பெரிய அதிகாரி வருகிறார். அவருக்குக் காட்ட ஒரு மாதிரி வீடு வேண்டும். முழு மாவட்டத்திலும் பின்சன்னல் உள்ள தெருமட்ட அறை ஒன்றே ஒன்றுதான். அதுவும் கடல் தெரியும் அறை.

கவாலியேரே நேரில் வந்து சொன்னார். பெருமைப்பட வேண்டும் என்றார். ஆட்கள் வந்து சுண்ணாம்பு அடித்தார்கள், சன்னலை மட்டும் விட்டுவிட்டு. அடுப்பும் பானையும் புகை என்று வெளியே போயின. கட்டில் காற்றை அடைக்கிறது என்று அதன் கால்களைக் கழற்றி எடுத்துப் போய் ரஷேலாவின் மாடிப்படிக்கு அடியில் சாய்த்தார்கள். அதன் இடத்தில் நகராட்சியின் ஒல்லி இரும்புக் கட்டில் ஒன்று வந்தது. அதன் விரிப்பில் யாரும் உட்காரக் கூடாது. டோன் கதெல்லோவின் நாற்காலி போயிற்று; பின்னாலேயே டோன் கதெல்லோவும் போனார். அப்புறம் கவாலியேரே சபாதினோவையும் கர்மோசீனாவையும் பார்த்தார்.

"நீங்களும்."

"நாங்களுமா? இது எங்க வீடுங்களே அய்யா."

"அதனால்தான் சொல்கிறேன். இந்தப் பணியில் என் தலை நரைத்துவிட்டது. எத்தனையோ நல்ல வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் கெடுத்தது அதில் குடியிருந்தவர்கள்தான். நடக்கிறார்கள், சமைக்கிறார்கள், இருமுகிறார்கள், பெருகுகிறார்கள். வீட்டைப் பற்றி அவர்களுக்கு அக்கறையே இல்லை. ஒரே ஒரு வீட்டையாவது அவர்களிடமிருந்து காப்பாற்றிக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை."

"நாங்க எங்கங்க போறது?"

"அது குடியிருப்புப் பிரிவு. நான் சுகாதாரப் பிரிவு. வருகை முடிந்ததும் திரும்பி வரலாம்."

வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். சபாதினோவின் குடும்பம் எதிரே ரஷேலாவின் அறையில் ஒண்டிக்கொண்டது. அங்கே ஏற்கெனவே பதினொரு பேர். ராத்திரியில் ஒருவர் புரண்டால் வரிசையாக எல்லோரும் புரள வேண்டும். ரோமாபுரி அதிகாரி மழை என்று வரவில்லை. பிறகு அமைச்சரவை கவிழ்ந்தது என்று வரவில்லை. எதிர் வாசலில் காவலாளி கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றான். உள்ளே சுண்ணாம்பு வெள்ளையில் வெறும் அறை ஒன்று ஒருவரும் சுவாசிக்காத காற்றை வைத்துக்கொண்டு காத்திருந்தது.

கர்மோசீனா ரஷேலாவின் வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கட்டில் போனாலும் பரவாயில்லங்க," என்றாள் ஒரு நாள். "தரையிலயாவது, அந்த அறைக்குள்ள. கேட்டுப் பாருங்களேன்."

அவன் கேட்டுப் பார்த்தான். காவலாளி நல்லவன்தான். "எனக்கென்னப்பா, எனக்கும் நாலு பிள்ளைங்க இருக்கு. சாவி எங்கிட்ட இல்லியே," என்றான்.

கடைசியில் அதிகாரி வருகிற நாள் நிச்சயமானது. அன்று காலையில் கந்தகப் படை வந்தது. பெரியவர் வருவதற்கு முன் சந்தின் எல்லா அறைகளிலும் கந்தகம் கொளுத்திப் புகைபோட்டுக் கதவைச் சாத்தி, சாயங்காலம் வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு. மாதிரி வீடு ஏற்கெனவே சுத்தம், அதற்குப் புகை வேண்டாம். சந்து முழுக்க வெளியே நின்று இருமியது. டோன் கதெல்லோவைக் கோயில் படிக்குத் தூக்கிப் போனார்கள். அந்த இருமலுக்கு நடுவில்தான் கர்மோசீனா ரஷேலாவின் தோளைப் பிடித்தாள்.

"வந்துடுச்சு," என்றாள்.

எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. திறக்கக் கூடிய கதவு எதிரே இருந்த ஒன்றுதான். காவலாளி பரிதாபமாகப் பார்த்தான். சபாதினோ ஓடினான்.

நகராட்சிக் கட்டிடத்தில் கவாலியேரே வரவேற்புரையை உரக்கப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெர்ரோத்தா நின்றிருந்தார்.

"அய்யா, எம்பொண்டாட்டிக்கு வலி எடுத்துடுச்சு. சாவி கொடுங்கய்யா. ஒரு மணி நேரம். அப்புறம் நாங்களே கழுவி விட்டுடறோம்."

"மாதிரி வீட்டிலா?" கவாலியேரே பேனாவைக் கீழே வைத்தார். "பிரசவம் என்றால் என்னவென்று உமக்குத் தெரியுமா? வெந்நீர், இரத்தம், அழுக்குத் துணி, கூச்சல், முடிவில் கூடுதலாக ஓர் ஆள். விதிகள் தடுக்கும் அத்தனையும் ஒரே இடத்தில் நடக்கும்."

சபாதினோவுக்கு வேறு வழி தெரியவில்லை. வரும்போதே யோசித்து வைத்திருந்த கடைசி வழி, உண்மையைச் சொல்லிவிடுவது. மாதிரி வீடாக இல்லாமல் போனால் விடமாட்டார்களா என்று நினைத்தான். அடைத்தாலும் நாளைக்குத்தான் அடைப்பார்கள்.

"அது மாதிரி வீடே இல்லீங்க. அந்தச் சன்னல் பொய்யிங்க. படம். ஜெசுவால்தோ வரைஞ்சது. அந்தப் பக்கம் வெறும் பாறை. நான் ஏமாத்திட்டேன். என்னை உள்ள போடுங்க, அவளை அங்க படுக்க மட்டும் விடுங்க."

பெர்ரோத்தா சன்னலுக்கு வெளியே பார்த்தார். கவாலியேரே கோபப்படவில்லை. பிள்ளையிடம் பேசுவது போலப் பேசினார்.

"அந்தச் சன்னலைக் குழு பார்த்திருக்கிறது. ஒரு முறை மூடியிருந்தது, ஒரு முறை திறந்திருந்தது. பொய்யான சன்னல் திறக்குமா? அதன் வழியே வந்த கடல் காற்றில் எனக்கு நான்கு நாள் சளி பிடித்தது. டாக்டர் பார்த்தார். நீர் மனம் கலங்கியிருக்கிறீர், அதனால் இதை நான் கேட்டதாக வைத்துக்கொள்ளவில்லை. போய் மனைவியைப் பாரும்."

"பெர்ரோத்தா அய்யா, நீங்களாவது சொல்லுங்க. உங்க விரல்ல ஒட்டிச்சே."

பெர்ரோத்தாவுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், வேலை ஒன்றுதான் இருந்தது. "சன்னல், ஒன்று," என்றார் மெதுவாக.

சபாதினோ திரும்பி ஓடி வந்தபோது சந்தின் நடுவில் வெள்ளைத் துணிகள் வட்டமாக நின்றன. ரஷேலா கொடியிலிருந்து நகராட்சிச் சட்டைகளை எல்லாம் உருவி, கஞ்சி மொடமொடப்போடு பெண்களின் கையில் கொடுத்து மறைப்புக் கட்டியிருந்தாள். மாதிரி வீட்டின் வாசற்படியில் முதுகைச் சாய்த்துக் கர்மோசீனா உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் உள்ளே போக முடியவில்லை. பிப்ரவரிக் குளிர். கந்தகப் புகை இன்னும் கண்ணைக் கரித்தது.

"சாவி?" என்று கேட்டாள் ரஷேலா.

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"சரி, போயி நில்லு அந்தப் பக்கம். நீ நின்னு ஒண்ணும் ஆவப்போறதில்ல."

குழந்தை பிறந்தது. பெண். அழுதது, ஆனால் பலமாக அழவில்லை. ரஷேலா ஒரு தலைமைக் குமாஸ்தாவின் சட்டையில் அதைச் சுற்றினாள். அந்த நேரத்தில்தான் சந்தின் முனையில் குதிரை வண்டிகள் வந்து நின்றன.

ரோமாபுரி அதிகாரி வயதானவர், களைத்தவர், மதியச் சாப்பாடு அதிகம். கூட்டத்தையும் துணி வட்டத்தையும் பார்த்துவிட்டு நின்றார். "அங்கே என்ன?"

கவாலியேரே துணிகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஒரு கணம் தடுமாறினார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு கணம்தான்.

"இந்த மக்கள் இப்போது திறந்தவெளிக்குப் பழகிவிட்டார்கள், எக்ஸலென்ஸா. நான்கு வருடப் பிரசாரம். பிரசவத்தைக் கூட வெளியே வைத்துக்கொள்கிறார்கள். இந்தச் சந்தில் காற்றுப் பற்றாக்குறை இல்லாமல் பிறந்த முதல் குழந்தை இது."

அதிகாரி தொப்பியை லேசாகத் தூக்கினார். கர்மோசீனா வாசலை அடைத்துக்கொண்டிருந்ததால் அவளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்கள். பெண்கள் தூக்கி நகர்த்தினார்கள். பூட்டு திறந்தது. அதிகாரிகள் படியிலேயே நின்று உள்ளே பார்த்தார்கள். கவாலியேரே சன்னலைக் காட்டினார். ரோமாபுரிக்காரர் மலையை வியந்தார். பூட்டு மறுபடி விழுந்தது.

போகும்போது அவர் ஒரே ஒரு குறை சொன்னார். "எல்லாம் சரி. ஆளில்லாத வீடு பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் தரும். குடியிருப்பவர் யாராவது இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்."

இதற்கு முன் இதை யாரும் யோசித்திருக்கவில்லை. வெளியூர் மேயர்கள், சுகாதார மாநாட்டுக்காரர்கள், தர்ம காரியச் சீமாட்டிகள் என்று பார்க்க வரும் கூட்டம் பெருகிக்கொண்டே இருந்ததால், மாதிரி வீட்டுக்கு மாதிரிக் குடியிருப்பாளர்களை நியமிப்பது என்று குழு முடிவு செய்தது. மனுக்கள் வந்தன. பெர்ரோத்தா, தன்னால் முடிந்தது அது என்று, சபாதினோவின் பெயரைச் சொன்னார். அறைக்குப் பழக்கப்பட்டவர்கள், எதையும் இடித்துக்கொள்ள மாட்டார்கள் என்றார்.

அதனால் இப்போது வருகை நாட்களில் சபாதினோவும் கர்மோசீனாவும் நகராட்சி கொடுத்த சுத்தமான உடையில் தங்கள் அறைக்குப் போய் உட்காருகிறார்கள். அவன் நாற்காலியில், அவள் இரும்புக் கட்டிலின் விளிம்பில், விரிப்பு கசங்காமல். பேசக் கூடாது; கேட்டால் பதில் சொல்லலாம். பொழுது சாய்ந்ததும் உடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரஷேலாவின் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். டோன் கதெல்லோவின் மூச்சு வருகையாளர்களுக்கு உகந்ததல்ல என்று அவரைச் சேர்க்கவில்லை.

குழந்தைக்குக் கந்திதா என்று பெயர் வைத்தார்கள். பிறந்த அன்று நெஞ்சில் ஏறிய சளி இறங்கவே இல்லை. கை கால் குச்சி குச்சியாக, முகத்தில் கண் மட்டும் பெரிதாக இருந்தது. கவாலியேரே படியில் நின்று அவளை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"இது எதையும் நிரூபிக்காது," என்றார்.

சந்துக்கு வெளியே குடல் கறிக் கடை வைத்திருப்பவரின் கைக்குழந்தை மகன் கன்னம் பிதுங்க இருப்பான். பெருவிரல் தடிமனுக்குக் கழுத்தில் மடிப்பு. வருகை நாட்களில் அவனை வரவழைத்துக் கர்மோசீனாவின் மடியில் வைத்தார்கள்.

போன வாரம் ஒரு சீமாட்டி வந்திருந்தாள். படியில் நின்று கைப்பிடி வைத்த மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பிடித்துச் சன்னலைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், பிறகு குழந்தையைப் பார்த்தாள்.

எதிர் அறையில் கந்திதா விழித்துக்கொண்டு அழுதாள். ரஷேலா தட்டிக்கொடுக்கும் சத்தமும் கேட்டது. பாலுக்கான அழுகை அது; கர்மோசீனாவின் ரவிக்கை நனைந்தது. சபாதினோ அவளைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வருகையாளர் போகும் வரை எழக் கூடாது.

"எவ்வளவு கொழுகொழுன்னு இருக்கு," என்றாள் சீமாட்டி. "பேர் என்னம்மா?"

மடியில் இருந்த பையன் கர்மோசீனாவின் விரலைப் பிடித்துக் கடித்தான்.

"கந்திதா," என்றாள் கர்மோசீனா.

"பெண்ணா. ஆண்பிள்ளை மாதிரி வளர்ந்திருக்கிறாளே."

"எல்லாம் காற்றோட்டம்," என்றார் கவாலியேரே.

எதிரே அழுகை விட்டு விட்டுக் கேட்டது, பிறகு இருமலாக மாறியது. சீமாட்டிக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் பார்க்கக் காத்திருந்தார்கள்.